அரைஞாணும் ஸ்கேனும்

ஜனவரி 18, வியாழன்
சத்துணவுக்கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டே தூங்கி வழிந்தேன். இவருக்கு ராத்திரியெல்லாம் வயிற்றுவலி; எனக்கும் தூக்கமில்லை. தீபாவளிக்குப் பிறகு ஆள் பாதியாகிவிட்டார். இடுப்பில் வெள்ளி அரைஞாண் நழுவி நழுவி இறங்குகிறது.

ஜனவரி 23, செவ்வாய்
மதுரை ஆஸ்பத்திரி. கணையம் தடித்திருக்கிறதாம். வீக்கமா, புற்றுநோயா தெரியவில்லை. டாக்டர் லக்ஷ்மணன் ஒரு ஸ்கேன் சொன்னார். வயிற்றின் மேல் ஒரு தட்டைக் கட்டி அதிர வைப்பார்களாம். அந்த அதிர்வு உள்ளே ஓடுவதைப் படம் பிடித்தால், கணையம் எவ்வளவு கெட்டி என்று தெரியுமாம்.

"முழுசும் ஒரே மாதிரி கெட்டின்னா வீக்கமா இருக்கலாம்மா. ஒரு எடம் மட்டும் கல்லாட்டம் இருந்தாத்தான் சந்தேகம்."

தேங்காய் வியாபாரி இல்லையா, இவர் உடனே, "தட்டிப் பாத்து வாங்குறாப்பலயா டாக்டர்?" என்றார். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்
பட்டினியோடு ஆலங்குடியில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் மாறி மதுரை போனோம். காந்த ஸ்கேனாம், மேலே உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம்; மோதிரம், வாட்ச் எல்லாம் நான்தான் கழற்றி வாங்கினேன். அரைஞாணை மறந்தே போனேன். ஸ்கேன் எடுக்கும் பெண் ஹேமா, "இடுப்புல உள்ளதையும் கழட்டிருங்கய்யா" என்றாள். அவ்வளவுதான்.

"அரணாக்கொடிய பொணத்துக்குத்தாம்மா கழட்டுவாங்க. நான் இன்னும் சாகல."

எழுந்து வந்துவிட்டார். இனி அடுத்த வாரம்தான். பஸ்ஸில் வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.

ஜனவரி 31
கொடியெல்லாம் சாக்கு. பயம் — அவருக்கும், எனக்கும்.

பிப்ரவரி 6, செவ்வாய்
இன்று கறுப்புக் கயிறு வாங்கிக்கொண்டு போனேன். உடை மாற்றும் அறையில் முதலில் அதைக் கட்டினேன். பிறகுதான் வெள்ளியைக் கழற்றினேன். அரைஞாண் மாற்றும்போது எப்போதும் அப்படித்தானே செய்கிறோம், போன வாரம் ஏன் புத்திக்கு எட்டவில்லை?

"இறுக்கிக் கட்டு, வழுகுது" என்றார். இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

"மூச்ச விட்டுட்டு அப்படியே நிறுத்துங்கய்யா" என்று ஹேமா மைக்கில் சொன்னது வெளியே கேட்டது. நானும் நிறுத்தினேன்.

பிப்ரவரி 9
முழுக்க ஒரே சீராகக் கெட்டி. ரத்தப் பரிசோதனையும் வீக்கம் என்றே சொல்கிறது. "மாத்திரைக்கு இளகினா பயமில்ல. இளகலேன்னா ஊசி போட்டு சதை எடுத்துப் பாக்கணும்" என்றார் டாக்டர். ஆக, இன்னும் எதுவும் முடியவில்லை. எவ்வளவுதான் காத்திருப்பது? அலுத்துவிட்டது.

மார்ச் 3
மாத்திரை. கஞ்சி. மாத்திரை.

மார்ச் 28, வியாழன்
மறுபடி ஸ்கேன். கழற்ற ஒன்றுமில்லை. "நல்லா இளகியிருக்கும்மா" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து அழலாம் என்றிருந்தேன். சேலைகூட மாற்றாமல் தூங்கிப்போனேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு
வருஷப்பிறப்பு. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு வந்து, "ஏய், இந்தக் கயிறு இடுப்ப அறுக்குது, தளத்தி விடேன்" என்றார்.

முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. புதுக் கயிற்றைத் தாராளமாகக் கட்டிவிட்டு, பழையதைக் கத்தரித்தேன்.