ஒரு கட்டை கீழே

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. மிச்சத்தைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

பணிமனைக் குழுவின் புது ஆல்பம் வெள்ளிக்கிழமை வருகிறது. பஸ் பணிமனையில் வேலை முடிந்ததும் ஜாஸும் ஃபங்க்கும் வாசித்த அதே ஆட்கள்தான். தலை நரைத்து, இடுப்பு பிடித்து, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற வயதில் மறுபடி சேர்ந்திருக்கிறார்கள். அம்மா பாட்டு, அப்பா டிரம்பெட். விட்டுவிட்டுப் போன மனிதரோடு எப்படி ஒரே மேடை என்று கேட்பாய். பழையபடிதான். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லாம் பேஸ் கிட்டார் வாசிக்கும் கொக்கு மாமா வழியாகத்தான் போய்வருகிறது. "அவர்கிட்டச் சொல்லுங்க", "அவகிட்டச் சொல்லுடா" என்று இரண்டு பக்கமும் இழுத்து அவர் கழுத்து இன்னும் நீண்டுவிட்டது.

அட்டைப் படத்துக்காக ஆல்பம் போடும் கம்பெனிக்காரர்கள் எல்லோர் கையிலும் ஒரு ஸ்பானரைக் கொடுத்தார்கள். முகத்தில் கிரீஸ் பூசினார்கள். பணிமனையை மூடி இவர்களை வெறுங்கையோடு அனுப்பிய அன்று ஒருத்தனும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. இப்போது அந்தக் கறை விலை போகிறது. "நான் கண்டக்டரா இருந்தவ, ஸ்பானரை வச்சு யாருக்கு டிக்கெட் கிழிக்கறது?" என்று அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நீ சின்ன வயதில் கட்டில்மேல் ஏறி நின்று ஆடுவாயே, 'கடைசி பஸ்' பாட்டு, அதையும் இந்த ஆல்பத்துக்காகப் புதிதாகப் பதிவு செய்தார்கள். சுருதியை ஒரு கட்டை இறக்கித்தான் வாசித்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் வயதாகிவிட்டது, வேறென்ன?

போன வாரம், முடிந்த பாட்டைப் போட்டுக்காட்ட கம்பெனி மேலாளர் குழுவைக் கூப்பிட்டார். நானும் போனேன். அக்கா, அம்மா தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. அப்பாவின் டிரம்பெட் கொசு மாதிரி கத்தியது. ரசிகர்கள் பழைய சுருதியைத்தான் எதிர்பார்ப்பார்களாம், அதனால் கம்ப்யூட்டரை வைத்துச் சுருதியை மேலே ஏற்றிவிட்டார்களாம். "யாரு இதை இறக்கச் சொன்னது?" என்று மேலாளர் கேட்டார்.

"நான்தான்" என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது. என் பல் செட்டை வைத்துக்கொண்டு உச்சத்தில் ஊத முடியவில்லை என்றார் அப்பா. என் தொண்டை எட்டவில்லை என்றாள் அம்மா. கொக்கு மாமா கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே ஒப்புக்கொண்டார். ஒத்திகைக்கு முன்பே அப்பா அவரிடம், "அவ தொண்டைக்கு எட்டாது, வாய்விட்டுக் கேக்கவும் மாட்டா. ஒரு கட்டை இறக்கிடு. யாராவது கேட்டா என் பல்லுக்காகன்னு சொல்லிடு" என்றாராம். அதே வாரம் அம்மாவும் போய், "பொய்ப் பல்லை வச்சுக்கிட்டு அந்த மனுஷன் எப்படி ஊதுவாரு? என் தொண்டைக்காகன்னு சொல்லிடுங்க" என்றாளாம். மாமா இருவருக்கும் தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இறக்கிவிட்டார்.

அம்மா அப்பாவை நேராகப் பார்த்து, "என் தொண்டைக்கு என்ன கேடு? உங்ககிட்ட வந்து கேட்டேனா?" என்றாள். "என் பல்லு மட்டும் உன்கிட்ட வந்து அழுதுச்சா?" என்றார் அப்பா. அவர் வீட்டைவிட்டுப் போனபின் இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இது.

வாசித்தபடியே போடுங்கள் என்று குழு கேட்டதும் மேலாளர் ஒப்பந்தத்தை நீட்டினார். யாரும் படிக்க முடியாத பொடி எழுத்தில் எல்லா உரிமையும் கம்பெனிக்கு. அப்பா நிதானமாக, "உரிமை உங்களுது, வாய் எங்களுது. வெளியீட்டு மேடையில உங்க கம்ப்யூட்டரையே ஊதச் சொல்லுங்க" என்று எழுந்தார். அம்மா பையை எடுத்தாள். குழு முழுக்க எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, வாசல்வரை போய்விட்டது. அங்கே மேலாளர் ஓடிவந்து மறித்துப் பேரம் பேசினார்.

முழு வெற்றி என்று பொய் சொல்ல மாட்டேன். ஆல்பத்தின் முதல் பாட்டாக அந்தத் தகர டப்பாதான் வரும். விளம்பரத்திலும் அதுதான். ஆனால் கடைசிப் பாட்டாக, இவர்கள் வாசித்தது வாசித்தபடி, ஒரு கட்டை கீழேயே வரும். அவ்வளவுதான் பிடுங்க முடிந்தது.

திரும்பும்போது பஸ்ஸிலும் சண்டை ஓயவில்லை. பல்லில் ஆரம்பித்துத் தொண்டைக்குப் போய், எப்போதோ விற்ற சைக்கிள்வரை வந்துவிட்டார்கள். சண்டை போட வசதியாக ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கொக்கு மாமா பின்னால் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார். உடனே ஏதேதோ கணக்குப் போடாதே. அப்பா தன் வாடகை அறைக்குத்தான் போனார். அம்மா மட்டும் அன்று சாயந்திரம் முழுக்க எதையோ முனகிக்கொண்டே துணி மடித்தாள்.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் போன பிறவியிலிருந்தே எதையும் வெளியே விடாதவள்.

அக்கா, முதல் பாட்டைத் தள்ளிவிடு. கடைசியை ஹெட்போன் போட்டுக் கேள். அப்பா செய்ததை நீ மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நானே இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் நீ அந்தப் பாட்டைக் கேட்டாயா என்று அவர் என்னிடம் விசாரிக்க மாட்டார். கொக்கு மாமாவைத்தான் அனுப்புவார். அந்த மனிதருக்கும் முட்டி வலி. இந்த ஒருமுறை நீயே அப்பாவுக்குப் போன் போடு, அவரை நடக்க விடாதே.

என்றும் உன்,
தம்பி