நாற்பதாவது இறங்குதுறை

பதிவு 1
மார்ச் 3, 2084. காலை 06:10. மின்கலம் 98%
சான் தெரோ தீவு, மேற்குக் கரை

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் முக்குளி-7. கரீபியன் கடலில் இருக்கும் இந்தத் தீவைச் சுற்றி, படகில்லாமல் கரையிலிருந்தே நடந்து இறங்கி முக்குளிக்கவும் ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாய் மாட்டி மிதக்கவும் ஏற்ற நாற்பது இடங்களைக் கண்டுபிடிப்பது என் வேலை. உடல் இயந்திரம். உள்ளே இருப்பது தூத்துக்குடி பெனிட்டா, வயது இருபத்தொன்பது, கடலுயிரியல் முதுகலை. அவள் மகள் பிறந்த ஐந்தாம் மாதத்தில் எடுத்த நினைவுப் பிரதி. கைக்குழந்தையை விட்டு வர மாட்டேன் என்றாள். அதனால் நான் வந்தேன். நாற்பதும் முடிந்ததும் என் நினைவுகள் அவளோடு இணைக்கப்படும். ஒப்பந்தத்தில் இருக்கிறது.

இடம் 1: மணல் இறக்கம். இடுப்பளவு ஆழத்திலேயே கிளிமீன்கள். நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே, மெதுவாக. போகும்போது தெற்கே எதிர்த்துப் போக வேண்டும். களைத்த பிறகு அதுவே கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடும்.
குழந்தைகளுக்கு: நல்லது. ஆனால் இடப்பக்கக் கல்லில் பாசி வழுக்கும்.

'குழந்தைகளுக்கு' என்ற வரி படிவத்தில் கிடையாது. நான்தான் சேர்க்கிறேன்.

பதிவு 8
மார்ச் 21. 17:40. மின்கலம் 61%

இடம் 8: பாறை விளிம்பு, முக்கால் மீட்டர் குதிக்க வேண்டும். கீழே கறுப்பு முட்கள் சிலிர்த்த உருண்டைகள், காலை வைத்தால் தைக்கும். ஆனால் பத்து மீட்டர் தாண்டினால் மான்கொம்புப் பவளம், உயிரோடு. இந்தத் தீவில் உயிரோடு பார்த்தது இதுதான் முதல் தடவை.
குழந்தைகளுக்கு: வேண்டாம்.

வீட்டிலிருந்து வந்த குரல்செய்தி:
"ஏட்டி, உன்ன எப்படிக் கூப்பிடன்னே தெரியல. என்னையே நான் ஏட்டிங்கேன் பாரு, கிறுக்கு புடிச்சிரும் போல. பாப்பா குப்புற விழுந்துட்டா! கிளாட்வின் துள்ளின துள்ளுல கட்டிலே உடஞ்சிருக்கும்."

கிளாட்வின் அவள் கணவன். என் கணவனும்தான். பதில் அனுப்பினேன்: "வலப்பக்கமா, இடப்பக்கமா?"
"அத யாருட்டி கவனிச்சா?"

நான் கவனித்திருப்பேன்.

பதிவு 15
ஏப்ரல் 30. 18:05. மின்கலம் 44%

இடம் 15: நீருக்குள் முப்பது மீட்டர் வரை தெளிவு. இரண்டு ஆமைகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. என்னைக் கண்டு விலகவில்லை.
குழந்தைகளுக்கு: மிக நல்லது.

ஆறு மணி, பால் கொடுக்கும் நேரம் ஆனால் மார்பு கனக்கிறது. எனக்கு மார்பு கிடையாது. உலோகத் தகடு, அதன் பின்னால் மின்கலம். இருந்தும் கனக்கிறது. இதைக் கோளாறாகப் பதிவு செய்ய எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

குரல்செய்தி: "ஆமையா? கொடுத்து வச்சவ நீ. நான் இங்க பீத்துணி அலசிட்டு இருக்கேன்."

அந்தத் துணிக்கு இந்தக் கடல் முழுவதையும் மாற்றிக்கொள்வேன். சொல்லவில்லை.

பதிவு 27
ஆகஸ்ட் 12. 19:20. மின்கலம் 52%

இடம் 27: சாதாரணம். எழுத ஒன்றுமில்லை.

காணொளி வந்தது, பதினோரு நொடி. பாப்பா சுவரைப் பிடித்து நிற்கிறாள். பின்னாலிருந்து பெனிட்டாவின் குரல்: "சித்தி பாரு, சித்திக்கு டாட்டா காட்டு!"

உடனே கேட்டேன்: "யாரு சித்தி?"
"பின்ன என்ன சொல்லிக் குடுக்க? பெரியம்மான்னா நீ என்ன விட மூத்தவன்னு ஆயிரும். பிள்ளைக்கு ஒரு முறை வேண்டாமா?"
"அம்மான்னு சொல்லு."
பிறகு: "அம்மா நான்லாட்டி."

காணொளியை அறுபத்து நான்கு முறை ஓட்டினேன். நெற்றியில் ஒரு சிராய்ப்பு. எதில் இடித்தாள்? ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் இருந்திருந்தால் வீட்டு மேசை முனையில் துணி சுற்றியிருப்பேன்.

பதிவு 36
அக்டோபர் 9. 18:50. மின்கலம் 39%

இடம் 36: பார்க்கவில்லை. கரையில் உட்கார்ந்திருந்தேன்.

குரல்செய்தி, முழுவதும்:
"ஏட்டி, கோவப்படாத. இணைப்பு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு பேரு நினைவும் ஒண்ணா கலந்தா சிலது மங்கிரும்னு டாக்டர் சொல்லுதாரு. பாப்பா நடந்த நாள் எனக்கு மங்கிப்போனா நான் என்ன செய்வேன், சொல்லு? உன்ன அணைக்க மாட்டாங்க. அங்கயே வழிகாட்டியா வச்சுக்கிடுவாங்களாம். வேலை முடிஞ்சதுக்கு எங்க மூணு பேரையும் ஒரு வாரம் தீவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. எந்த இடம் நல்லதுன்னு நீதான் சொல்லணும். உன்ன நம்பாம யார நம்ப? நீ நான்தான."

நடந்துவிட்டாளா? எப்போது?

பதிவு 40
நவம்பர் 2. 16:15. மின்கலம் 70%

இடம் 40. இதுவே கடைசி. இதற்கே வாருங்கள் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். வெள்ளை மணல், நிழல், தெற்கே ஒரு பாறைமுனை. முனைவரை பவளம் தழைத்திருக்கிறது.

படிவத்தில் எழுதியது: நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே. முதலில் தெற்கே போகவும்.
உண்மை: வடக்கிலிருந்து தெற்கே. முனையைத் தாண்டியதும் மூன்று மடங்கு வேகம், கடலை நோக்கி.

அவளைக் கொல்ல நினைக்கவில்லை. ஒரே ஒரு முறை அவள் பாப்பாவைத் தூரத்திலிருந்து பார்க்கட்டும். நான் எட்டு மாதம் பார்த்த மாதிரி. பிறகு நானே போய் இழுத்து வருவேன். அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

பதிவு 41
நவம்பர் 11

09:50. மின்கலம் 83%. வந்துவிட்டார்கள். நான் தண்ணீருக்குள் இருந்தேன். பாப்பாவுக்கு மஞ்சள் தொப்பி. காலை அகட்டி அகட்டி நடக்கிறாள்.

10:12. பெனிட்டா இறங்கினாள். ஆரஞ்சு மிதவையைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு தெற்கே போகிறாள். முகமூடி வானொலியில், எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும் அலைவரிசையில்: "என்னட்டி, எதிர்நீரோட்டம்னு எழுதியிருக்க, வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போவுது!" சிரிக்கிறாள். என் சிரிப்பு.

10:31. முனையைத் தாண்டினாள்.

10:36. "ஏட்டி, திரும்ப முடியல. காலு பிடிச்சிக்கிட்டு. எங்க இருக்க?"
பக்கத்தில்தான் இருந்தேன். இருநூறு மீட்டர். போகலாம். மீட்புப் படகுக்கு ஒரு அழைப்பு போதும். அதுவும் என் கையில் இருக்கிறது.

10:41. "சரி, கேளு. என்ன விடு. கிளாட்வினுக்கு நீச்சல் தெரியாது, என்னத் தேடித் தண்ணில எறங்கிருவாரு. பிள்ளையும் பின்னாலயே வந்துருவா. நீ கரைக்குப் போ. பாப்பாவப் பாத்துக்கோ. நீ இருக்கல்லா, போதும்."

இதைப் பறிக்கத்தான் எட்டு மாதமாக எண்ணி எண்ணி வெந்துகொண்டிருந்தேன். அவள் கேட்காமலே தூக்கிக் கொடுத்துவிட்டாள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அதே வார்த்தைகளில். அது இன்னும் அதிகமாக எரிகிறது. இதிலும் அவள்தான் அம்மா.

10:44. கரையை நோக்கித் திரும்பினேன். படகை இன்னும் அழைக்கவில்லை.

10:49. கிளாட்வின், கையிலுள்ள வானொலியில்: "பெனி, எங்க இருக்க? பாப்பா உன்னத் தேடுதா."
"இந்தா, வந்துட்டேங்க" என்றேன்.
அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. குரல் ஒன்றுதானே.

10:53. தண்ணீர் இடுப்பளவு. கிளாட்வின் எழுந்து நிற்கிறார். என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் தேடுகிறார்.

10:54. முழங்காலளவு. கைகளை நீட்டினேன். அம்மா வந்துட்டேன் என்றேன்.
பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. சிரித்தாள். கையைத் தூக்கி ஆட்டுகிறாள்

எனக்கு இல்லை. எனக்குப் பின்னால், முனைக்கு அப்பால், அந்த ஆரஞ்சுப் புள்ளிக்கு