மூன்று விசில்

தேஹு ரோடு,
12.2.1998

அன்புள்ள ஆனந்தவல்லிக்கு,

இங்கே நான் சுகம். உன் மூட்டுவலி எப்படியிருக்கிறது? மீனு பரீட்சைக்குப் படிக்கிறாளா?

டெப்போ டாக்டர் எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார். பயப்பட ஒன்றுமில்லை. கேண்டீனில் வடா பாவ் தின்பதை விட்டுவிட்டேன். நீ கொடுத்தனுப்பிய குக்கரில் தினமும் பருப்பும் காயும் வேகவைக்கிறேன். எண்ணெயே தேவைப்படுவதில்லை.

நேற்று ஒரு வேடிக்கை. விசில் வந்ததும், வீட்டில் உனக்கு எண்ணிச் சொல்கிற பழக்கத்தில், பேப்பரை விட்டுக் கண்ணெடுக்காமல் "மூணு ஆச்சு வல்லி, அணைச்சுடு" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அணைக்க ஆளில்லாமல் அது ஐந்தாவது விசிலும் விட்டது. பருப்பு கரைந்தே போயிற்று. பக்கத்து வீட்டு குல்கர்ணி அம்மாள் எட்டிப் பார்த்து, "பாபி வந்துட்டாங்களா?" என்று உன்னைத்தான் அண்ணி முறை வைத்து இந்தியில் கேட்டாள். எனக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. மாலையில் நம் இருவருக்குமென்று இரண்டு போளி கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறாளாம்.

குக்கர் கேஸ்கட் தளர்ந்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒன்று கொடுத்தனுப்பு.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. என் பங்குப் போளியைத் தின்றுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னுடையது டப்பாவில் இருக்கிறது.

உன்,
தாமோதரன்