அசையாமல் கிடந்தேன்

நவம்பர் 28, வியாழன்.

தாமிரபரணி வெள்ளம் கலந்து கடல் கலங்கிக் கிடந்தது. ஆனாலும் புன்னைக்காயலுக்கு வெளியே சங்கெடுக்க இறங்கினேன். அடியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. உப்புத்தாள் போன்ற தோல் தோளில் உரசியதும் சுறா என்று புரிந்துவிட்டது. எப்போதும்போல் மூச்சைப் பிடித்து, மணலோடு மணலாக அசையாமல் கிடந்தேன். அது திரும்பி நேராக வந்து என் நெஞ்சில் மூக்கால் இடித்துவிட்டுப் போனது.

வீட்டில் சொன்னேன். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள் உடனே கேட்டாள்.

"அசையாம கெடந்தா மட்டும் போதுமாப்பா? ஒங்க நெஞ்சு துடிக்குதுல்லா? அதுல உண்டாகுத மின்சாரம், கிட்ட வந்தா சுறா மூக்குக்குத் தெரியும். கண்ணே வேண்டாம்."

என் மச்சினன் நாளை முதன்முதலாக இறங்குகிறான். சுறா வந்தால் அசையாமல் கிட என்றுதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். நெஞ்சை எப்படி நிறுத்தச் சொல்வேன்?