வர்மப் புள்ளியும் என் கொண்டையும்

ஜூன் 24, செவ்வாய்
சாரல். துணி காயவில்லை. வலது கை தோளுக்கு மேல் எழாமல் இரண்டு மாதம். எலும்பில் குறையில்லை, தோள் இறுகிவிட்டது என்கிறார் டாக்டர். கொண்டை முடிய எதிர்வீட்டுப் பெண்ணிடம் போய் நிற்கிறேன். சென்னையிலிருந்து மகன், போனில்: “தலைகூட முடிய முடியல. தனியா இருந்தது போதும்மா. பதிமூணாந்தேதி கார் எடுத்துட்டு வாரேன்.” கேள்வி அல்ல, தீர்ப்பு.

ஐந்தருவியில் பெண்களுக்கு எண்ணெய் தேய்க்கும் பேச்சியம்மாளை வரச் சொல்லியிருக்கிறேன். வர்மப் புள்ளி தெரியுமாம். முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவள் நான். ‘தெரியுமாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு
வந்தாள். தோள்பட்டைக்குப் பின்னால் ஓர் இடம், கட்டைவிரலால் ஒரே அழுத்து. உயிர் போயிற்று.

“இங்கனதான் ஆச்சி பிடிச்சிருக்கு.”

அமுக்கிவிட்டு, வலிக்கிறது என்று கண்டுபிடிப்பது என்ன வித்தை? நல்ல தோளிலும் அதே இடத்தில் அமுக்கச் சொன்னேன். அங்கும் வலி. அகப்பட்டாள் என்று நினைத்தேன்.

“நல்ல கையிலயும் அங்கன அமுக்கினா வலிக்கத்தான் செய்யும். வலியையா பாக்கேன்? நீங்க மூச்சப் பிடிக்கியளான்னுல்லா பாக்கேன். அந்தக் கையில பிடிக்கல, இந்தக் கையில பிடிக்கிய.”

மறுபடி வரச் சொன்னேன். எரிச்சல்.

வாங்க: தே. எண்ணெய், கொசுவர்த்தி, பி.பி. மாத்திரை.

ஜூலை 7, திங்கள்
நான்கு முறை ஆயிற்று. கை காதுவரை எழுகிறது. எதனால்? புள்ளியா, சூட்டெண்ணெயா, பிறகு போய் நின்ற அருவியா? ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும். அருவியை அரசாங்கமே நீக்கிவிட்டது: வெள்ளம், குளிக்கத் தடை. எண்ணெயை இன்று நான் நீக்கினேன்.

“வெறுங்கையாலயா? பரிச்ச வைக்கிய. வையுங்க, வையுங்க.”

அமுக்கிய அரைமணியில் வலி தணிந்தது. விரல்களால் சுவரில் ஏறும்படி டாக்டர் சொன்ன பயிற்சியை, வலியால் நேற்றுவரை பாதியில் விட்டதை, முழுக்கச் செய்தேன். ஆகவே: புள்ளி வலியைத் தணிக்கிறது, கையைத் தூக்குவது பயிற்சி. இதற்குமேல் ஒப்புக்கொள்வதற்கில்லை. பேச்சியிடம் இதையும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
மகன் வந்துவிட்டான். கேட்காமலே என் பெட்டியைக் காரில் ஏற்றினான். கொண்டையோடு வந்து நின்றேன். சற்றுக் கோணல்.

“யாரு முடிஞ்சுவிட்டா?”

“நான்.”

“எதிர்வீடா, நீ போன்ல சொன்ன பேச்சியா?”

சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அவிழ்த்தேன். அவன் கண்முன் மறுபடி முடிந்தேன். நேரம் பிடித்தது. கொண்டை ஊசி ஒருமுறை நழுவி விழ, உதவிக்கு வந்தான்.

“தள்ளி நில்லு.”

நின்றான். பிறகு போய், காரிலிருந்து பெட்டியை இறக்கினான்.