சுரினாம் பாஸ்போட்

கொலோன், நவம்பர் 1993, செவ்வாய் இரவு.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ரயிலில் நான் சுரினாமில் பிறந்த டச்சுக் குடிமகன். ஏஜென்ட் தந்த கள்ளப் பாஸ்போட்டில் அப்படித்தான் இருந்தது. தென் அமெரிக்காவில் ஒல்லாந்தர் ஆண்ட சின்ன நாடு, பொக்சைட் என்ற அலுமினியத் தாதும் அரிசியும் ஏற்றுமதி, எழுபத்தைந்தில் சுதந்திரம் என்று ஏஜென்ட் சொல்லித் தந்ததை மனதுக்குள் உருப்போட்டபடி வந்தேன்.

எதிரே இருந்தவள் உண்மையான சுரினாம்காரி. பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண் மாதிரி. டச்சில் ஏதோ கேட்டாள். அதில் சுரினாம் என்பது மட்டும் விளங்க, தலையாட்டினேன். பிறகு ஆங்கிலத்தில், "சுரினாமில் எந்தப் பக்கம்?" என்றாள்.

"நிக்கெரி. அப்பாவுக்கு நெல்வயல்."

"அங்கே எல்லோருக்கும் டச்சு தெரியுமே," என்றாள் மெதுவாக.

பிறகு அவளே பேசினாள். பூட்டனை இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோனார்களாம். இப்போது ராணுவமும் சண்டையும் வந்து, பொக்சைட் வருமானம் விழுந்து, சம்பளத்துக்குச் சமையல் எண்ணெய்கூட வாங்க முடியாதாம்.

எல்லையில் பொலிஸ் ஏறியது. என் பாஸ்போட்டைப் புரட்டிவிட்டுத் தந்தார்கள். அவளுடையது சுரினாம் பாஸ்போட். ஜெர்மன் விசா இல்லை. அவளை இறக்கினார்கள். போகும்போது என்னைப் பார்த்தாள். நான் மாட்டிக்கொள்ள அவளுடைய ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை.

"பயப்பிடாதை தம்பி, வந்து சேந்திட்டாய்தானே. விடிய அகதியெண்டு பதிய அசூலுக்குப் போவம்," என்கிறார் எனக்கு இடம் தந்திருக்கும் குமார் அண்ணை.

"ஓம் அண்ணை," என்றேன். அவளைப் பற்றிச் சொல்லவில்லை.

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். அவளுக்கு என்ன நடந்ததோ என்று நினைக்கத் தொடங்கினாலும், இறங்கிய பிறகு பொலிசிடம் என்னைக் காட்டிக்கொடுத்திருப்பாளோ என்பதிலேயே போய் நிற்கிறது.