பேனாட் தந்த கம்ப்யூட்டர்

ஸ்கீவ
14.06.2009

அன்புள்ள தம்பி தேவகுமாருக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் ஞானமலரும் மகள் ஜெனிதாவும் சுகம். ஹ்விடோவ்ரேயில் உம்முடைய வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

முதலில் ஒரு வேலை. இந்த உறையை ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே நீல மையால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். உமது கைக்கு வரும்போது கோடுகள் விலகாமல் நேராக இருந்தனவா என்று பார்த்து எழுதும். போனில் கேட்கலாமே என்பீர். போனில் சொல்லக்கூடிய விஷயம் என்றால் நான் ஏன் முத்திரை ஒட்டுகிறேன்.

யுத்தம் முடிந்து நாலு கிழமையாகிறது. என் கூடப்பிறந்த தங்கச்சி தங்கமலரிடமிருந்து இன்னும் ஒரு சொல் வரவில்லை. மாசி மாதம் வன்னியிலிருந்து கடைசியாகக் கதைத்தவள். அவளும் மகள் கிருபாஷினியும் எந்த முகாமில் இருக்கிறார்களோ, இருக்கிறார்களோ இல்லையோ, அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெற்றோர் கூடினால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கோபன்ஹேகனில் நடந்த ஊர்வலத்தில் நின்றவர்களை யாரோ படம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பியதாகக் கதை. யார் என்று தெரியாதபடியால் எல்லோர் மேலும் சந்தேகம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பேனாட் என்று ஒருவன் இருக்கிறானே, ஒல்லியானவன், சபையில் கடைசி வரிசை வாங்கில் இருந்து பாட்டுக்கு மட்டும் வாய் அசைப்பவன். பள்ளிக்கூடங்களும் கொம்யூன் என்கிற நகரசபையும் கழித்துவிடும் பழைய கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கி, லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டு எங்கள் ஆட்களுக்குக் கொடுக்கிறான். கிழட்டு இயந்திரத்துக்கென்று அதிலும் எடை குறைந்த ஒரு வகை இருக்கிறதாம். ஒரு சதக் காசும் வாங்குவதில்லை. பதினான்கு வீட்டில் அவன் தொட்ட பெட்டி இருக்கிறது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று அப்போதே ஞானமலரிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

எங்களுடையது 2001இல் வாங்கியது. பொத்தானை அமத்திவிட்டுத் தேத்தண்ணீர் போட்டுக் குடித்து முடித்தாலும் எழும்பாது. சித்திரை மாதம் செய்திப் பக்கங்களைத் திறந்து திறந்து வைரஸ் புகுந்து, அதுவும் செத்தது. புதிதாக வாங்குவோம் என்றேன். பேனாட் வந்து பெட்டியைத் திறந்து தூசி ஊதிவிட்டு, கம்ப்யூட்டர் கிழடு இல்லை அண்ணை, அதுக்கு மேல ஏத்தின சுமைதான் கூட எண்டு சொன்னான். இரண்டு நாளில் கொண்டுவந்து வைத்தான். பொய் சொல்லக்கூடாது, கேத்தில் கொதிக்கமுதல் எழும்பியது. தமிழ்ச் செய்திகளும் துப்புரவாகத் தெரிந்தன. ஆனால் போகும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னான்: அண்ணை, ஏதும் எழுத்து ஒழுங்கா வராட்டி கை வையாதேங்கோ, எனக்கு ஒரு போன் அடியுங்கோ, நான் வாறன் எண்டு. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் எதைப் பார்க்கிறேன் என்று இவனுக்கு ஏன் போன் அடிக்க வேண்டும்? அன்றிரவு முழுக்க அந்த வார்த்தை என்னைக் குடைந்தது.

இந்தப் புதன்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் நான் அறியாதது. திறந்தால் இரண்டு பக்கத்துக்கு ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளியும் காற்புள்ளியும். ஒரு சொல்லும் சொல்லாக இல்லை. டேனிஷும் இல்லை, இங்கிலீசும் இல்லை. சங்கேத மொழி, வேறென்ன. பேனாட் என் பெட்டியைத் தபாற்கந்தோராக வைத்து யாருக்கோ சேதி போக்குவரத்து நடத்துகிறான். ஞானமலர் பார்த்துவிட்டு, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கோ எண்டாள். கள்ளனைக் கூப்பிட்டா களவைப் பற்றிக் கேட்பது?

அதை அழித்தேன். குப்பைக்கூடையையும் அழித்தேன். அதோடு விடவில்லை. பெட்டியைக் கழற்றி உள்ளே இருந்த டிஸ்கை எடுத்து, வெள்ளிக்கிழமை தளபாடத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், நான் பத்து வருஷமாக நிற்கும் அதே துளை மெசினில் வைத்து மூன்று துளை போட்டேன். நேற்றுப் பெற்றோர் கூட்டத்தில் அதைத் தூக்கிக் காட்டினேன். பேனாட் எங்கள் கடிதப் பெட்டிகளைத் திறந்து படி எடுக்கிறான் என்று அவனுக்கு முன்னாலேயே சொன்னேன். அவன் எழும்பி, அண்ணை அந்தக் கடிதத்தை நான் ஒருக்காப் பாக்கலாமோ எண்டு கேட்டான். இனி எங்க பாக்கிறது எண்டேன். டிஸ்கைக் கையில் வாங்கித் துளைகளைப் பார்த்தான். திரும்பத் தந்துவிட்டுப் போய்விட்டான். குற்றமில்லாதவன் இரண்டு வார்த்தை எதிர்த்துக் கதைக்கமாட்டானா?

இன்று காலை வரை ஆறு குடும்பம் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் அவன் வாசலில் வைத்துவிட்டது. உங்கள் பக்கத்திலும் இப்படிச் சும்மா தருபவர்கள் இருந்தால் கவனம். கர்த்தர் உம்மைக் கள்ளச் சகோதரருக்கு விலக்கிக் காப்பாராக.

இப்படிக்கு கர்த்தருக்குள் உமது அண்ணன்
கிறிஸ்துநாயகம்


ஸ்கீவ
11.10.2009

அன்புள்ள தம்பி தேவகுமாருக்கு,

இந்த உறையில் கோடு போடவில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்து வாசிக்கட்டும்.

தங்கமலர் போய்விட்டாள். ஆடி மாதம் முகாம் ஆஸ்பத்திரியில், காய்ச்சலாம். செவ்வாய்க்கிழமை மன்னாரிலிருந்து சிஸ்டர் யசிந்தா என்ற ஒரு கன்னியாஸ்திரி போன் எடுத்துச் சொன்னா. அழக்கூட இன்னும் சரியாக முடியவில்லை, ஏனென்றால் அவ சொன்னது அதோடு முடியவில்லை.

வைகாசிக் கடைசியில் அந்தச் சிஸ்டர் முகாமுக்குள் போய், வெளிநாட்டில் உறவுகள் உள்ள பதினொரு பேர் சொல்லச் சொல்லத் தாளில் எழுதிக்கொண்டு வந்தவ. வெளியே வர வழி கிடைத்தது ஒரு கிழமை கழித்துத்தானாம். வவுனியாவில் ஒரு இன்ரநெற் கடையில் இருந்து அவ்வளவையும் தமிழில் அடித்து அனுப்பியிருக்கிறா. அதில் ஒன்று தங்கமலர் எனக்குச் சொன்னது. பாமினி எண்ட தமிழ் எழுத்துருவில அடிச்சனான், வந்ததோ எண்டு கேட்டா.

பள்ளி மண்டபத்தில் பேனாட் வைத்த கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஜெனிதாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஞானமலர் முன்பு பாமினியில் அடித்து சிடியில் வைத்திருந்த ஜெபப் பட்டியலை அதில் திறந்தோம். அதே ஆங்கில எழுத்துகள், அதே அரைப்புள்ளிகள். பேனாட் லினக்ஸ் போடமுதல் எங்கள் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்து எப்போதும் இருந்தபடியால் அது இல்லாவிட்டால் எப்படித் தெரியும் என்று நான் கண்டதில்லை. ஜெனிதா எங்கிருந்தோ அந்த எழுத்தை எடுத்துப் போட்டாள். பத்து நிமிடம் எடுக்கவில்லை. திரை முழுக்கத் தமிழாக மாறியது. பட்டியலில் முதல் பெயரே தங்கமலர் குடும்பம். ஜெனிதா டேனிஷில் ஏதோ கேட்டாள். நான் வெளியே வந்து மழையில் நின்றேன். அவன் வாசலில் நின்று சொன்ன வார்த்தை இதுதான் தம்பி. எழுத்து ஒழுங்காக வராவிட்டால் போன் அடிக்கச் சொன்னது.

கிருபாஷினி உயிரோடு இருக்கிறாள். அது மட்டும் சிஸ்டருக்கு நினைவிருக்கிறது. காலில் காயத்தோடு பிள்ளை தாயிடமிருந்து பிரிந்துபோக, யாரோ ஒரு பெண் தன் மகள் என்று சொல்லி, வேறு பெயர் கொடுத்துக் கூட்டிப் போயிருக்கிறா. அந்தப் பெண்ணின் பெயரும், பிள்ளைக்கு வைத்த பெயரும், எந்த முகாம் என்பதும் தங்கமலருக்கு எப்படியோ தெரியவந்திருக்கிறது. மூன்றும் அந்தக் கடிதத்தில் இருந்தன. பதினொரு பேருடைய கதையில் சிஸ்டருக்குப் பெயர்கள் மறந்துவிட்டன. சோதனைக்குப் பயந்து தாளை அன்றைக்கே எரித்து, அனுப்பிய முகவரியையும் மூடிவிட்டாவாம். அவவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. அதன் பிறகு புரட்டாதி வரை அவவை உள்ளே விடவில்லை. தங்கமலரும் தறப்பாளுக்கும் காது இருக்கும் என்று பக்கத்துக் கூடாரத்தில் ஒருவருக்கும் அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. அண்ணைக்கு மட்டும் சொல்லி அனுப்பிப்போட்டன், அவர் பாத்துக்கொள்ளுவார் எண்டு சொன்னவளாம். அண்ணை போன் எடுத்தவரோ எண்டு கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு கிடந்தவளாம்.

இன்ரநெற் கொம்பனிக்குப் போன் எடுத்தேன். கடிதம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறங்கிய பிறகு தங்களிடம் ஒன்றும் நில்லாது என்கிறார்கள். டிஸ்க் மேசையில் கிடக்கிறது. மூன்று துளைக்குள்ளாலும் மேசை தெரிகிறது. ஞானமலர் என்னை ஏசவில்லை. ஏசினால் நல்லது.

பேனாட் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சபைக்கு வரவில்லை. ஆவணியில் இடம் மாறி இப்போது உங்கள் ஹ்விடோவ்ரேயில்தான், உம்முடைய சபைக்குத்தான் வருகிறார் என்று அறிந்தேன். இலக்கம் என்னிடம் இருக்கிறது. மூன்று முறை எடுத்து, மணி அடிக்கமுதல் வைத்துவிட்டேன்.

ஆகையால் தம்பி, எனக்காக நீர் அவரிடம் போம். முதலில் மன்னிப்புக் கேளும். ஊர் கூட்டி அவமானப்படுத்தியவன் வீட்டுக்குள் இருந்துகொண்டு மன்னிப்புக் கேட்கிறான் என்று அவர் நினைத்தால் அது சரிதான், அடுத்த ஞாயிறு நானே வந்து உங்கள் சபைக்கு முன்னால் கேட்கிறேன் என்று சொல்லும். பிறகு ஒன்று கேளும். என் கம்ப்யூட்டரைத் திருத்தியபோது என் கடிதப் பெட்டியின் கடவுச்சொல் அவரிடம் இருந்தது. அந்தப் புதன்கிழமை, நான் திறக்கமுதல், தற்செயலாகவாவது அவர் அதைத் திறந்து பார்த்தாரா, ஒரு படி எடுத்து எங்காவது வைத்தாரா என்று கேளும்.

அப்படிச் செய்கிற மனிதர் அவர் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கச் சொல்கிறேன். நான் கூட்டத்தில் சொன்ன அந்தக் கள்ளனாக பேனாட் ஒரே ஒரு நாள் இருந்திருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறேன். நீரும் ஜெபியும்.

இப்படிக்கு
கிறிஸ்துநாயகம்